வெளிச்சவீட்டுக்கு வெள்ளையடித்தவன்

கேட்காதவர்களுக்கு உதவி செய்வதில் எனக்கு இளமையில் ஒரு தனித் திறமை இருந்தது. கேட்டவர்களுக்குச் செய்வதில் அவ்வளவு ஆர்வம் இருக்கவில்லை. குசினிக் கூரையில் ஒழுக்கு, இரண்டு கிடுகு மாற்றிவிடு என்று அம்மா ஒரு மாரி முழுக்கக் கேட்டார். மாற்றவில்லை. ஆனால் ஊரில் ஒருவர்கூடக் கேட்காத நிலையில், ஐம்பது அடி உயரமுள்ள ஒரு வெளிச்சவீட்டுக்கு நானாகவே கயிற்றில் தொங்கி வெள்ளையடித்தேன். அதற்காக ஒரு விழாவும் வைத்தேன். அந்த விழாவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் பிறந்தது புங்குடுதீவு, மடத்துவெளியில். வளர்ந்தது தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தில், அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில். எண்பத்து மூன்றில் அந்தக் கடை எரிந்தது. எரிந்தபோது நானும் அப்பாவும் ஒரு சிங்களக் குடும்பத்தின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கப்பலில் வந்து இறங்கி ஊர் சேர்ந்தோம். அப்பா வீட்டு முன்னறையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது மிகக் குறைவு.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலை இல்லை. கடலும் தெரியாது, தோட்டமும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டிக்கு மா குழைப்பதும், வருகிறவர்களை "வாங்கோ, இருங்கோ" என்று சொல்வதும்தான். (ஊரில் ரொட்டி தின்னக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை.) ஆகவே வாசிகசாலைக்குச் செயலாளர் ஆனேன். வேறு யாரும் போட்டியிடவில்லை.

வெளிச்சவீடு தெற்குக் கரையில், பனைகள் முடிந்து வெறும் கல்லும் மணலுமாய்க் கிடக்கும் ஒரு முனையில் தனியாக நின்றது. நான் அதை "கலங்கரை விளக்கம்" என்றுதான் சொல்வேன். சொல்லும்போது ஊர்ச்சனம், இது எந்த வீட்டுப் பொம்பிளைப் பிள்ளையின் பேர் என்பதுபோல என்னைப் பார்க்கும். அதன் விளக்கு எரியாமல் போய் அப்போது ஒன்றரை வருடம் இருக்கும். கடலில் இரவில் நிற்கத் தடை வந்துவிட்டது. விடிந்த பிறகு வள்ளத்தை இறக்கி, பொழுது படுவதற்கு முன்னர் கரையேறிவிட வேண்டும். இருட்டிய பிறகு கடலில் தெரிகிற எதையும் கடற்படை சுடும். இரவில் வள்ளமே இல்லாத கடலுக்கு விளக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. கண்ணாடி உடைந்து, உள்ளே புறா கூடு கட்டி, சாந்து பொரிந்து விழத் தொடங்கியிருந்தது.

பின்னேரங்களில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதனடியில் உட்கார்ந்திருப்பேன். எரிந்து விழுந்த ஒன்றைத் தூரத்தில் நின்று பார்த்தவனுக்கு, இனி நிற்கிற எதையும் விழவிடக் கூடாது என்று ஒரு வெறி வரும். இன்று யோசித்தால் அது புரிகிறது. அன்று எனக்கு நான் ஒரு சமூகத் தொண்டன் என்று மட்டும்தான் தோன்றியது.

வாசிகசாலையில் கூட்டம் கூட்டினேன். "கலங்கரை விளக்கப் பாதுகாப்புக் குழு" என்று பெயர் வைத்தோம். தலைவர், ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். செயலாளர், நான். உறுப்பினர்கள், நித்தியும் சோமுவும். இருவரும் என் வயதுக்காரர், என்னைப்போலவே வேலையில்லாதவர்கள். குழுவின் முதல் தீர்மானம் வெள்ளையடிப்பது. இரண்டாவது தீர்மானம், அடித்து முடிந்ததும் ஒரு விழா. மூன்றாவது தீர்மானம் இல்லை. முனையில் குடியிருந்த கடற்றொழிலாளர் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்பது என்பது மூன்றாவது தீர்மானமாக இருந்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் தோட்டக்கார வீடுகளின் பிள்ளைகள். வெளிச்சவீட்டுக்கும் கடலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது எங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருந்த விசயம்.

சிப்பி சுட்ட சுண்ணாம்பு சூளையிலிருந்து வந்தது. அதில் ஒட்டுவதற்கு வச்சிரப் பசையும் கொஞ்சம் சலவை நீலமும் கலந்தோம். வீடு கூட்டுகிற தும்புத்தடிதான் தூரிகை. மேலே விளக்கறையைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் கயிற்றைக் கட்டி, கீழே ஊஞ்சல் பலகைபோல ஒன்றைத் தொங்கவிட்டோம். யார் அதில் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது நித்தி தனக்குத் தலைசுற்று என்றான். சோமு தனக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்றான். செயலாளர் உட்கார்ந்தார்.

மூன்று நாள் வேலை. கிழக்கே தரையைப் பார்த்த பக்கத்தை முதல் நாளே முடித்துவிட்டோம். அந்தப் பக்கம் ஏற்கெனவே வெளிறித்தான் இருந்தது. மேற்கே கடலைப் பார்த்த பக்கம்தான் பயங்கரம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றும் உப்பும் மழையும் பட்டுப் பட்டு, அடியிலிருந்து உச்சிவரை அட்டைக் கரியாய்க் கறுத்துக் கிடந்தது. கறுப்பும் வெளிறலும் சந்திக்கிற இடம் கத்தியால் கீறியதுபோல நேர்க்கோடாய் இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். (அறிக்கை யாருக்கு என்று கேட்காதீர்கள்.)

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தக் கறுப்புப் பக்கத்தின் உச்சியில் தொடங்கியிருந்தேன். மேலே கயிற்றைப் பிடிக்க வேண்டிய இருவரும் அதைக் கம்பியில் முடிந்துவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. ஏறவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. நாற்பது அடி உயரத்தில் சுண்ணாம்பு வாளியோடு ஒரு மணித்தியாலம் தொங்கினேன். காற்று என்னைத் திருப்பித் திருப்பி, ஒரு நேரம் கடலைக் காட்டும், ஒரு நேரம் சுவரில் மூக்கைத் தேய்க்கும்.

அந்த நேரத்தில்தான் ஞானம் அண்ணையின் வள்ளம் கரைக்கு வந்தது. முழுப் பெயர் ஞானப்பிரகாசம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். முனையில் இருந்த மூன்று வள்ளங்களில் ஒன்று அவருடையது. அவர் வள்ளத்தை இழுத்துவிட்டு, கையைக் கண்ணுக்கு மேலே வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

"தம்பி, அந்தக் கறுத்தப் பக்கத்தை விட்டிடும்."

காற்றில் எனக்குக் கேட்டது, "கறுத்தப் பக்கத்தை விட்டிட்டீர்" என்று. விடுபட்டுப் போயிற்று என்று குறை சொல்கிறார் என நினைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை," என்று நானும் கத்தினேன். "ஒரு பொட்டும் விடமாட்டன். நாளைக்கு முழுக்க அடிச்சு முடிச்சிடுவன்."

அவர் திரும்பவும் ஏதோ சொன்னார். காற்று அப்போது என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. நான் திரும்பி வந்தபோது அவர் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருக்கு வணக்கம் போட்டேன். வாளி சரிந்து, மிச்சச் சுண்ணாம்பு முழுக்க என் காற்சட்டைக்குள் போனது. (சுண்ணாம்பு எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே எரிந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை.)

மூன்றாம் நாள் விடிய வள்ளங்கள் மூன்றும் கடலுக்குப் போய்விட்டன. நான் எட்டு மணிக்குப் பலகையில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் ஞானம் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா வந்து கீழே நின்றார்.

"தம்பி, ஒருக்கால் இறங்கும். இவர் உம்மட்டை ஒரு கதை சொல்லச் சொன்னவர்."

"வேலை நடக்குது அக்கா. பின்னேரம் விழா முடியக் கதைப்பம்."

"இல்லைத் தம்பி, இப்பவே சொல்ல வேணுமாம்."

"அக்கா, நான் இறங்கினா ஏத்த ஆக்கள் இல்லை. நீங்கள் பின்னேரம் விழாவுக்குக் கட்டாயம் வாங்கோ. முன் வரிசையிலை கதிரை போட்டு வைக்கிறன்."

ஒரு பொம்பிளை நாற்பது அடிக்கு மேலே தொங்குகிற ஆணோடு கத்திக் கதைப்பது அந்த நாளில் அழகில்லை. அவர் கத்தவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சந்தைக்கு நேரமாகிவிட்டதென்று ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முன் வரிசைக் கதிரையை நினைத்துச் சந்தோசமாகப் போகிறார் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

மத்தியானத்துக்குள் வெளிச்சவீடு முழு வெள்ளை. நான் இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தேன். கண் கூசியது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. கடை எரிந்த பிறகு நான் செய்து முடித்த முதல் காரியம் அது.

விழா நாலு மணிக்கு. வாசிகசாலைக் கதிரைகள் முப்பது, பற்றரியில் வேலை செய்கிற ஒலிபெருக்கி ஒன்று, என் அக்கா புஷ்பம் கரைத்துக் கொண்டுவந்த எலுமிச்சம் தண்ணி ஒரு அண்டா. ஊர்ச்சனம் நூறு பேருக்குக் கிட்ட வந்திருந்தது. அப்பாகூடக் கதிரையை விட்டு எழும்பி வந்திருந்தார். அவர் வீட்டு வாசல் படலையைத் தாண்டியே பல மாதமாகியிருந்தது. என் திட்டம் என்னவென்றால், தலைமை வாத்தியார் பேசி முடிக்கிற நேரம் வள்ளங்கள் மூன்றும் வரிசையாக வந்து கரையேறும். அவர்களுக்கு மாலை போட வேண்டும். மாலையும் கட்டி வைத்திருந்தேன்.

தலைமை வாத்தியார் சங்ககாலத்தில் தொடங்கினார். ஐந்து மணிக்கும் அவர் சங்ககாலத்தை விட்டு வெளியே வரவில்லை. அப்போது நித்தி கடலைக் காட்டினான். தூரத்தில் மூன்று வள்ளங்களும் தெரிந்தன. நான் தலைமை வாத்தியாரின் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாகப் பறித்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, அதோ பாருங்கள், எமது கடலோடிகள் வருகிறார்கள்."

சனம் கைதட்டியது. வள்ளங்கள் வந்தன. கரைக்கு அரை மைல் இருக்கும்போது நின்றன. பிறகு கிழக்கே போயின. திரும்பி மேற்கே வந்தன. மறுபடி கிழக்கே.

"புதுப் பொலிவு பெற்ற கலங்கரை விளக்கத்தைக் கண்ட மகிழ்ச்சியில்," என்றேன், "எமது தொழிலாளர்கள் கடலில் வட்டமிட்டு மரியாதை செலுத்துகிறார்கள்."

திரும்பவும் கைதட்டல். ஒரு வள்ளத்தில் யாரோ எழுந்து நின்று சேலை போன்ற ஒன்றை வீசினார்கள். நானும் என் சால்வையை எடுத்து வீசினேன். எல்லோரையும் வீசச் சொன்னேன். நூறு பேரும் கையிலிருந்த லேஞ்சி, சால்வை, விசிறி எல்லாவற்றையும் எடுத்து வீசினார்கள். வள்ளத்தில் வீசியவர் இன்னும் பலமாக வீசினார். "பாருங்கள், அவர்களின் உற்சாகத்தை," என்றேன். இப்படி ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும். அந்தக் கால் மணித்தியாலம் முழுக்க என் குரல் கடல்வரைக்கும் கேட்டிருக்கும்.

றீற்றா அக்கா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்தார். தலையில் வெறும் கடகம். வெளிச்சவீட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடகத்தைக் கீழே போட்டுவிட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"உதை நிப்பாட்டும் தம்பி. அவையள் சந்தோசத்திலை சுத்தேல்லை. வழி தெரியாமல் சுத்தினம்."

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அவர் சொன்னது நூறு பேருக்கும் கேட்டது.

பிறகு அவர் சொன்னதுதான், ஞானம் அண்ணை காற்றில் கத்தியதும், தான் காலையில் கல்லில் உட்கார்ந்து சொல்லக் காத்திருந்ததும். கரைக்கு அரை மைல் தூரத்தில், கடலுக்குள் நெடுகப் பாறை வரிசையாய்க் கல்லுப்பார் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு வள்ளம் நுழையக்கூடிய இடைவெளி இருக்கிறது. பனைகளெல்லாம் ஒன்றுபோல இருக்கிற தட்டைக் கரையில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இருந்த ஒரே குறி வெளிச்சவீடுதான். கறுப்புக் கூடுதலாகத் தெரிந்தால் மேற்கே விலகிவிட்டோம் என்று அர்த்தம். வெளிறல் கூடுதலாகத் தெரிந்தால் கிழக்கே. கறுப்பும் வெளிறலும் சரிபாதியாகத் தெரிகிற இடத்தில் நேரே விட்டால் வழி.

விளக்கு எரிந்த காலத்தைவிட எரியாத காலத்தில்தான் அந்தக் கட்டடம் அவர்களுக்கு அதிகம் உதவிக்கொண்டிருந்தது. நான் அசிங்கம் என்று எழுதியது அவர்களின் படலை. அதைத்தான் மூன்று நாள் தொங்கி அடைத்து வைத்திருந்தேன்.

"வேறை பக்கத்தாலை வந்து இறங்கேலாதோ?" என்று தலைமை வாத்தியார் கேட்டார்.

"தீவைச் சுத்தி வாறதுக்குள்ளை இருட்டிப் போடும் மாஸ்டர்," என்றார் றீற்றா அக்கா. "இருட்டினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

சூரியன் பனையளவு உயரத்தில் நின்றது. கடலில் அதன் வெளிச்சம் தகரம்போல மினுங்கி, தண்ணிக்குள் இருக்கிற கல்லை மறைத்துவிட்டது. சனம் வீசிய சால்வைகளை இறக்கியது. நான் மாலைகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

றீற்றா அக்காதான் முதலில் அசைந்தார். "கறுத்த வலை, பாய், படங்கு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார். முனை வீடுகளின் பெண்கள் ஓடினார்கள். சாயம் போட்ட வலைகள் வந்தன. தார்போலக் கீல் பூசிய பழைய படங்குத் துணி ஒன்று வந்தது. என் அக்கா புஷ்பம் பக்கத்து வீட்டுக்குள் போய், விழாவுக்கென்று கட்டியிருந்த கரு நீலச் சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, இரவல் சட்டையோடு வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே சுற்றுப்படிகளில் ஏறினேன். எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று நினைவில்லை. நித்தியும் சோமுவும் பின்னால் வந்தார்கள். தலைசுற்றையும் கலியாணத்தையும் யாரும் பேசவில்லை.

மேலிருந்து வலையை இறக்கினோம். கோடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் அதன் மேலேயே மூக்கைத் தேய்த்தவனுக்குத் தெரியாது. றீற்றா அக்கா கீழே நின்று கையைக் காட்டினார்.

"இன்னும் வலப்பக்கம். அந்தச் சின்ன யன்னலுக்கு நேரை. இன்னும் கொஞ்சம். போதும், கட்டும்."

"சரியாத் தெரியுமோ அக்கா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"இருவது வருசமா இதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார் அவர். இம்முறை காற்று ஒரு எழுத்தையும் மாற்றாமல் கொண்டுவந்து தந்தது.

முதலாவது வள்ளம் வலை கட்டி முடிந்து பத்து நிமிடத்தில் உள்ளே வந்தது. பிறகு இரண்டாவது. அதற்குள் சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. மூன்றாவது வரவில்லை.

நான் மேலே நின்று பார்த்தேன். நடந்தது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மற்ற இரண்டு வள்ளங்களுக்கும் வழி தேடிக் கொடுக்கலாம் என்று ஞானம் அண்ணை முன்னதாகவே பாரை ஒட்டி வந்திருக்கிறார். நாங்கள் வலைக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய வள்ளம் கல்லில் ஏறிப் பிளந்திருக்கிறது. எங்கள் கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை. அவரையும் அவருடைய மச்சானையும் இரண்டாவது வள்ளத்தார் தண்ணீரிலிருந்து தூக்கி ஏற்றியிருந்தார்கள். ஞானம் அண்ணையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கல் கிழித்துப் பிளந்து கிடந்தது. அவரை இறக்கிக் கரையில் கிடத்தினார்கள். யாரோ வாசிகசாலைக் கதிரைத் துணியைக் கிழித்துக் காலைக் கட்டினார்கள்.

நான் இறங்கி ஓடிப்போய் அவர் தலைமாட்டில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளிச்சவீட்டைப் பார்த்தார். வலையும் படங்கும் சேலையுமாய், பாதி உடுத்த மனிசன்போல அது நின்றது.

"வெள்ளை வடிவாய்த்தான் இருக்குத் தம்பி," என்றார்.

அதைவிட ஒரு அடி அடித்திருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பாதி வழியில் வாய் திறந்தார். "எங்கடை கடையை எரிச்சவங்களுக்கும் எங்களைத் தெரியாது," என்றார். நான் அவங்களைப்போல இல்லை அப்பா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மறுபடி பலகையில் ஏறினேன். ஒரு வாரத்துக்குள் ஒரே கோபுரத்துக்கு வெள்ளையும் கறுப்பும் அடித்த ஒரே ஆள் இந்தத் தீவுகளில் நானாகத்தான் இருப்பேன். கரியும் கீலும் காய்ச்சிக் கலந்தோம். இந்த முறை முனைச்சனம் முழுக்கக் கீழே நின்றது. நான் ஒவ்வொரு சாணுக்கும் கேட்டுக் கேட்டு அடித்தேன். நடுவில் ஒரு ஆள் வள்ளத்தில் போய்ப் பாரின் இடைவெளியில் நின்று கொடி காட்டினான். முடிய இரண்டரை நாள் சென்றது. தலைமை வாத்தியார் அந்தப் பக்கமே வரவில்லை.

ஞானம் அண்ணையின் கால் ஆறியது. கொஞ்சம் இழுத்து நடப்பார். ஆனால் வள்ளம் போனது போனதுதான். புதிது செய்யும் வசதி அவருக்கு இல்லை; எங்களிடமும் இல்லை. அடுத்த சோளகத்துக்குப் பிறகு அவர் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகத் தொடங்கினார். சொந்த வள்ளம் வைத்திருந்தபோது அவர் தூரக் கடலுக்குப் போவதில்லை. முனைக்குக் கிட்டவே வலை போட்டு, நேரத்தோடு திரும்பிவிடுவார். அடுத்தவரின் வள்ளத்தில், அடுத்தவர் போகச் சொல்கிற இடத்துக்குத்தானே போக வேண்டும்.

ஒரு நாள் அந்த வள்ளம் திரும்பி வரவில்லை. அவரோடு சேர்த்து நாலு பேர் அதில் போயிருந்தார்கள். என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. றீற்றா அக்கா மூன்று நாள் முனையில் நின்றார். நான் மூன்று நாளும் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்தக் கறுப்பும் வெள்ளையும் சரியாகத்தான் இருந்தன. நான் பார்த்தேன்.

என்னால்தான் அவர் அந்த வள்ளத்தில் ஏறினார் என்று நான் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மனைவியும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர்களும் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நான் சில இரவுகள் நித்திரை கொண்டிருக்கிறேன். எல்லா இரவுகளும் அல்ல.

பிறகு தொண்ணூறில் சண்டை தீவுகளுக்கும் வந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஓடினோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் குடும்பமும் றீற்றா அக்காவும் அவருடைய மகள் மேரியும் இன்னும் அறுபது பேரும். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை அடுக்கித் தடுப்புப் பிரித்து, ஒரு தடுப்புக்குள் நாலு குடும்பம். மேலே ஹெலி சுற்றும் நேரத்தில் யாரும் வெளியே போக ஏலாது. பிள்ளைகள் பயந்து அழும். அப்படி ஒரு பின்னேரம், எல்லோரும் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தபோது, றீற்றா அக்கா திடீரென்று என்னைப் பார்த்தார்.

"அது சரி, உதிலை இருக்கிறவர் ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டார். "வெளிச்சவீட்டுக்கு வெள்ளையடிச்சவர்."

ஐந்து வருடமாக அந்தக் கதையை யாரும் என் முன்னால் எடுத்ததில்லை. அவர் தொடங்கிவிட்டார். நான் பலகையில் தொங்கியது, வாளி காற்சட்டைக்குள் கவிண்டது, தலைமை வாத்தியார் சங்ககாலத்தில் சிக்கியது. தான் அங்கு இல்லாத இடங்களையும் அங்கிருந்தவர்போலச் சொன்னார். ஒலிபெருக்கியில் நான் பேசியதை என் குரலிலேயே பேசிக் காட்டினார். "வட்டமிட்டு மரியாதை செலுத்துகிறார்கள்" என்ற இடத்தில் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வாரக்கணக்கில் சிரிக்காத சனம். என் அப்பா சிரித்தார். புஷ்பம் அக்கா, தன் சேலையைக் கொடுத்த இடம் வந்தபோது, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே றீற்றா அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"பேந்து என்ன நடந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"பேந்தென்ன. வலையைக் கட்டினவுடனை ரெண்டு வள்ளமும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்து கரையேறிட்டுது. எல்லாரும் எலுமிச்சம் தண்ணி குடிச்சிட்டு வீட்டை போனவை."

மேரிக்கு அப்போது பதினாறு வயது. விழா நடந்த அன்று அவள் கரையில் நின்றவள். தகப்பனின் காலைக் கட்டத் துணி பிடித்தவள். அவள் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வள்ளத்தைப் பற்றி நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் பிள்ளைகள் பயந்தபோதெல்லாம் கேட்ட கதை அதுதான். கேளாமல் உதவி செய்யப் போகிற யாரையும் பார்த்து, "என்ன, வெள்ளையடிக்கப் போறியோ?" என்று கேட்பது எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பழக்கமாகிவிட்டது. என் மனைவி என்னைக் கேட்பாள். என் பிள்ளைகள் இந்தக் கதையைத் தங்கள் சிநேகிதர்களுக்குச் சொல்வார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்று கேட்பேன். நன்றாகத்தான் சொல்வார்கள், குரலெல்லாம் மாற்றி.

அவர்களும் இரண்டு வள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.